விளைபொருள் ஏற்றுமதியும் தாவர நலச் சான்றும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் தோட்டத்து முருங்கைக்காயையும் கறிவேப்பிலையையும் ஜெர்மனியில் உள்ள ஒரு கடைக்காரர் கேட்கிறார். தாவர நலச் சான்று வாங்கிவிட்டால் இரண்டையும் அனுப்ப முடியுமா? வாழைக்காய்க்குச் சான்றே தேவையில்லை என்கிறார்களே, அது உண்மையா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: முருங்கைக்காயை அனுப்பலாம், பச்சைக் கறிவேப்பிலையை அனுப்ப இயலாது. வாழைக்காயைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 2019 டிசம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தாவர நலச் சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து வரும் ஏறத்தாழ எல்லாப் புதிய காய்கனிகளுக்கும், பூச்சியும் நோயும் இல்லை என்று அனுப்பும் நாட்டு அரசு தரும் இச்சான்று கட்டாயம். வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்து கனிகளுக்கு மட்டுமே விலக்கு. இந்த விலக்கு கனிக்குத்தானே தவிர மரத்துக்கு அன்று; வாழைக்காயுடன் நான்கு வாழையிலைக் கட்டுகளைச் சேர்த்து வைத்தால் அந்த இலைக்குச் சான்று கேட்பார்கள்.

கறிவேப்பிலையின் சிக்கல் வேறு. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் கிரீனிங் நோயைப் பரப்புகிற சில்லா என்னும் சாறுறிஞ்சிப் பூச்சிக்குக் கறிவேப்பிலைச் செடியும் விருப்பமான உறைவிடம். அந்நோய் இல்லாத நாட்டில் விளைந்த இலையாக இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய நிபந்தனை. நம் நாட்டில் நோய் இருப்பதால், உங்கள் தோட்டம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எந்த அலுவலராலும் அப்படி எழுதித் தர இயலாது. சான்று என்பது சரக்கின் தரத்துக்கு நாம் தரும் பாராட்டிதழ் அன்று. இறக்குமதி செய்யும் நாடு விதித்த நிபந்தனைகளைச் சரக்கு நிறைவு செய்கிறது என்று நம் அரசு அந்த நாட்டு அரசுக்குத் தரும் உறுதிமொழி. ஆகவே விலை பேசும்போதே, அந்த நாடு கேட்கும் நிபந்தனைகளையும், சான்றில் இடம்பெற வேண்டிய கூடுதல் உறுதிமொழி வாசகத்தையும் வாங்குபவரிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

முருங்கைக்காயைப் பொறுத்தவரை, இந்திய அரசின் வேளாண் அமைச்சகத்தின் தாவரப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு இணையவழியில் விண்ணப்பித்து, சரக்கைச் சென்னை மீனம்பாக்கம் போன்ற தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும். விண்ணப்பத்தில் தாவரவியல் பெயரும் தேவை. ஆய்வில் சில பெட்டிகளைத் திறந்து, காயை லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். காய் ஈ புகுந்த முருங்கைக்காயில் சிறு துளை வழியே பிசின் வடிந்து உறைந்திருக்கும். அத்தகைய காய்களைத் தோட்டத்திலேயே கழித்துவிடுவதுதான் உங்கள் கையில் உள்ள சிறந்த பாதுகாப்பு. ஐரோப்பாவுக்குப் போகும் காய்கனிகள் ஒன்றிய அரசின் வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபெடா அங்கீகரித்த பேக் ஹவுஸ் (தரம் பிரித்துப் பொதியும் கூடம்) வழியாகச் செல்ல வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். 2014 மே மாதம் மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றுக்கு ஐரோப்பா தடை விதித்ததற்கு, முந்தைய ஆண்டுச் சரக்குகளில் பழ ஈ போன்ற பூச்சிகள் அடுத்தடுத்துப் பிடிபட்டதே காரணம். சிலருடைய கவனக்குறைவுக்கு நாடு முழுவதும் இருந்த ஏற்றுமதியாளர்கள் விலை கொடுத்தார்கள்.

கேள்வி: தென்னை நார்க்கழிவுக் கட்டிகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பவிருக்கிறோம். நார்க்கழிவு வெறும் கழிவுதானே, அதற்குமா சான்று?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: செடி வளர்க்கும் ஊடகமாகப் பயன்படுவதால்தான் அதன்மீது கண்டிப்பு அதிகம். அதில் மண்ணோ களை விதையோ கலந்து சென்றால், அது நேராக ஒரு தொட்டியில் விழுந்து முளைக்க வழியுண்டு. மண் தரையில் உலர்த்திய நார்க்கழிவை வாரும்போது அடிமண்ணும் சேர்ந்தே வரும். களத்தைச் சுற்றிப் பூத்து நிற்கும் புல்லின் விதை காற்றில் வந்து விழும். எனவே சிமெண்ட் களமும், களத்தைச் சுற்றிப் புல் அறுத்த வெளியும், உலர்ந்தவுடன் மூடிவைக்கும் தார்ப்பாயும் உங்களுக்கு வீண்செலவல்ல. ஆஸ்திரேலிய அரசின் பைகான் என்னும் இணையத் தரவுத்தளத்தில் பொருளின் பெயரைக் கொடுத்தால் நிபந்தனைகளை நீங்களே படித்துக்கொள்ளலாம்.

சரக்கைப் போலவே அதைத் தாங்கும் மரத்தட்டும் சோதனைக்கு உரியது. மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருந்ததற்கான, அல்லது ஏற்கப்பட்ட வேறு பூச்சி நீக்க முறைக்கு உட்பட்டதற்கான பன்னாட்டு முத்திரை பலகையில் பதிந்திருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கும் இந்த விதி பொருந்தாது.

கேள்வி: கப்பல் கிளம்பிய பிறகு சான்று பெற முடியுமா? சான்று இருந்தால் பூச்சிமருந்து எச்சத்துக்குத் தனிப் பரிசோதனை வேண்டாம் அல்லவா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதே விடை. ஆய்வு செய்யாத சரக்குக்குச் சான்று தர இயலாது; ஐரோப்பிய ஒன்றியத்துக்கோ, சரக்கு புறப்படுவதற்கு முந்தைய 14 நாட்களுக்குள் வழங்கிய சான்றே செல்லும். எடையிலோ பெயரிலோ பிழை இருந்தால் பேனாவால் திருத்தாதீர்கள். அலுவலர் ஒப்பமில்லாத திருத்தம் சான்றையே செல்லாததாக்கும். பூச்சியும் நோயும் இல்லை என்பதோடு இச்சான்றின் எல்லை முடிகிறது. மருந்து எச்சம் உணவுப் பாதுகாப்பு விதிகளில் அடங்குவதால், அதற்கு ஆய்வக அறிக்கை தனியாகவே வேண்டும்.