பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் எரியுது, என்ன மாயம்?

கேள்வி: அண்ணே, என்னோடது இருபது வருஷப் பழைய வேன். பிரேக்க மிதிச்சா டேஷ்போர்டுல இடது இண்டிகேட்டர் மங்கலா எரியுது, லைட்டப் போட்டுட்டு மிதிச்சா பின்னாடி இடது பக்க டெயில் லைட்டே அணைஞ்சிடுது. பல்பு மாத்தியாச்சு, இண்டிகேட்டர மினுக்க வைக்கிற ஃபிளாஷர் ரிலே மாத்தியாச்சு, இப்ப மொத்த வயரிங்கையும் மாத்தணும்கிறாங்க. ஆனா மீட்டர் வச்சா ஹோல்டர்ல 12 வோல்ட் சரியாத்தான் வருது. பேய் புடிச்ச மாதிரி இருக்கு.

பதில்: பேயெல்லாம் இல்ல தம்பி, அந்த இடது பக்க லைட்டோட எர்த், அதாவது கரண்ட் பாடி வழியா பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புற வழி, போயிருக்கு. பிரேக், டெயில், இண்டிகேட்டர் மூணுக்கும் சேர்த்து ஒரே எர்த் வயர்தான் பாடியில போய் முடியும், அது துருப்பிடிச்சு விட்டுப்போச்சுன்னா பிரேக் லைட்டுக்கு வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாம பக்கத்துல இருக்குற இண்டிகேட்டர் பல்பு வழியா ரிவர்ஸ்ல நுழைஞ்சு, முன்னாடி இண்டிகேட்டர் வழியா எர்த்துக்குப் போயிடும். அதான் அதே லைன்ல இருக்குற டேஷ்போர்டு லைட்டும் மங்கலா எரியுது. ரெண்டு பல்பு வழியா போறதால முழு வெளிச்சம் வராது, மங்கல்னாலே எர்த்து மேல சந்தேகப்படுங்க.

மீட்டர் 12 காட்டுதேன்னு கேட்டீங்க. எல்லாரும் ஏமாறுற இடம் இதுதான். மீட்டர் கரண்டே இழுக்காது, அரைகுறை கான்டாக்ட்லயும் 12 காட்டிட்டுப் போயிடும், 21 வாட் பல்பு ஒண்ணே முக்கால் ஆம்பியர் இழுக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். அதனால ஒருத்தர பிரேக்க மிதிச்சுப் பிடிக்கச் சொல்லிட்டு, மீட்டரோட ஒரு முனைய ஹோல்டரோட எர்த் பின்லயும் இன்னொரு முனைய நீளமான வயர் போட்டு பேட்டரி நெகட்டிவ்லயும் வைங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் நல்லாருக்கு, 3, 4 வோல்ட்னு ஏறுச்சுன்னா ஆள் மாட்டிக்கிட்டான்.

மீட்டர் இல்லையா, ஒரு துண்டு வயர எடுத்து அந்த எர்த் பின்லேர்ந்து பெயின்ட் சுரண்டின பாடி இரும்புல வைங்க, உடனே எல்லாம் சரியா எரிஞ்சா முடிஞ்சது கதை. எர்த் வயர் பாடியில முடியுற போல்ட்டக் கழட்டி, பெயின்ட்டும் துருவும் போய் பளபளன்னு இரும்பு தெரியுற வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேச்சு, டைட் பண்ணி மேல கிரீஸ் தடவுங்க. வயர் முனையில பச்சையா களிம்பு இருந்தா அதை வெட்டிட்டு புது லக் (வயர் முனையில மாட்டுற வளையம்) போடுங்க. வயரிங்க மொத்தமா மாத்தியும் அந்த துரு போல்ட்லயே கொண்டுபோய் முறுக்கினா மறுபடி இதேதான் வரும்.

கேள்வி: ரெண்டு நாள் வண்டிய எடுக்கலைன்னா செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. பேட்டரி புதுசு சார்.

பதில்: நிறுத்தியிருக்கும்போது எதுவோ கரண்ட் குடிக்குது. சாவிய எடுத்துட்டு, கதவெல்லாம் சாத்திட்டு, பேட்டரி நெகட்டிவ் கேபிளக் கழட்டி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டர 10 ஆம்பியர்ல வைங்க, மறந்துகூட அப்ப செல்ஃப் அடிச்சுடாதீங்க, மீட்டர் காலி. 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா பரவாயில்ல. அதுக்கு மேலன்னா ஃபியூஸ ஒண்ணொண்ணாப் பிடுங்குங்க, எதைப் பிடுங்கினா ரீடிங் விழுதோ அந்த லைன்தான். 5 வாட் பல்பு ஒண்ணு உள்ள அணையாம இருந்தாலே ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-அவர் (Ah, பேட்டரி சார்ஜ அளக்குற கணக்கு) போயிடும், கதவு ஸ்விட்ச் கெட்டு கேபின் லைட் எரிஞ்சிட்டே இருக்குறது ரொம்ப சகஜம். எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் குறையலைன்னா பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரோட தடிச்ச வயரக் கழட்டிப் பாருங்க, அதுக்குள்ள கரண்ட ஒரே பக்கமா மட்டும் விடுற டயோடு லீக்கா இருக்கலாம்.

கேள்வி: பின் கதவத் திறந்து மூடும்போது மட்டும் சில சமயம் ஃபியூஸ் போகுது. 10 ஆம்பியர் ஃபியூஸுக்கு பதிலா 20 போட்டுக்கலாமா?

பதில்: போடாதீங்க! ஃபியூஸ் போகலைன்னா அதுக்கப்புறம் வயர்தான் பத்திக்கும். கதவுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு ரப்பர் குழாய் இருக்கும், அத உருவிப் பாருங்க, இத்தனை வருஷமா மடங்கி மடங்கி உள்ள இருக்குற வயரோட தோல் வெடிச்சிருக்கும். டேப் சுத்தி ஒப்பேத்தாதீங்க, அந்த இடத்துல வளையுற மாதிரி புது வயர் கொஞ்சம் நீளமா விட்டு ஜாயின்ட் போடுங்க, ஜாயின்ட் குழாய்க்குள்ள வரக்கூடாது.