நியூகிரேஞ்ச்: ஒழுகாத கூரை (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்துப் பயணக் குறிப்பில் நியூகிரேஞ்ச் கல்லறையை நான்கு வரியில் முடித்துவிட்டீர்கள். உள்ளே கிடைத்தவை ஐந்து பேரின் எலும்புகள்தானாம். அதற்கா 85 மீட்டர் அகல மேடு? அதை இன்றும் அரசுப் பணத்தில் காக்க வேண்டுமா? நம் கல்திட்டைகளோடு அதற்கு உறவு உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உறவு இல்லை. நம் கல்திட்டைகளும் தாழிகளும் பெரும்பாலும் இரும்புக் காலத்தவை. நியூகிரேஞ்சைப் பொ.யு.மு. 3200 வாக்கில் கட்டியவர்கள் கல்லாயுதம் மட்டுமே அறிந்த உழவர்கள். கிசாவின் பெரிய பிரமிடு எழுவதற்கு அப்போது இன்னும் அறுநூறு ஆண்டுகள் இருந்தன.

ஐந்து பேர் என்பது அகழாய்வில் எஞ்சியிருந்த கணக்கு. 1699இல் கல் எடுக்க வந்த வேலையாட்கள் வாயிலைக் கண்டார்கள். 1882இல் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை யார் வேண்டுமானாலும் உள்ளே போய்வந்தார்கள். என்னென்ன வெளியே போயிற்றோ! ஐயாயிரம் ஆண்டுப் பழமையான சுருள் கோலங்கள் உள்ள அதே அறையில் பழைய பயணிகள் தங்கள் பெயரைக் கீறிவைத்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டிய சில நாட்களில், வாயிலுக்கு மேலுள்ள சிறு திறப்பு வழியாக உதயசூரியனின் ஒளி 19 மீட்டர் நடைவழியைக் கடந்து அறைக்குள் வருகிறது. பதினேழு நிமிடம்தான். 1967 டிசம்பர் 21 அன்று அகழாய்வாளர் ஓகெல்லி உள்ளே காத்திருந்து இதைக் கண்டார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. என்னை அசைத்தது கூரை.

நடைவழியை மூடிய பலகைக் கற்களின் மேல்முகத்தில், மழைநீர் வழிந்தோட வாய்க்கால் போலக் கோடுகள் வெட்டியிருக்கிறார்கள். கல்லைக் கல்லால் கொத்தி வெட்டியவை. மேட்டுக்குள் புதைந்துவிடும், எந்தக் கண்ணும் பார்க்காது என்று தெரிந்தே வெட்டியவை. இடுக்குகளில் சுட்ட மண்ணையும் கடல் மணலையும் திணித்திருக்கிறார்கள். கல்லறையின் வயதைச் சொன்னதே அந்தப் பூச்சில் கிடந்த கரிதான். உள்ளறையில் ஒரு கல்லைவிட அடுத்த கல்லைச் சற்றே உள்நோக்கி நீட்டி, ஆறு மீட்டர் உயரத்துக்கு அடுக்கி, உச்சியை ஒரே கல்லால் மூடியிருக்கிறார்கள். அந்தக் கூரை இன்றும் ஒழுகுவதில்லை. சொந்த வீட்டு மொட்டைமாடியில் ஒழுக்கு அடைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இறந்தவர்கள் நனையக் கூடாது என்று எண்ணியிருக்கிறார்கள். வேறெப்படி எனக்கு எண்ணத் தோன்றவில்லை.

ஆகவே காக்கத்தான் வேண்டும், மேட்டை மட்டும் காத்தால் போதாது. எதிரே தென்கிழக்கில் சூரியன் எழும் குன்றின் விளிம்பில் உயரமாக ஏதாவது கட்டினால் அந்தப் பதினேழு நிமிடத்தில் கை வைத்ததாகும். 1993இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது பக்கத்து நௌத், டௌத் மேடுகளையும் ஆற்றங்கரை நிலத்தையும் சேர்த்தே அறிவித்தார்கள். செலவு ஆகும். ஆகட்டும்.

நீங்கள் போக நேர்ந்தால், வழிகாட்டி விளக்கை அணைப்பதற்கு முன் ஒருமுறை அண்ணாந்து அந்த உச்சிக்கல்லைப் பாருங்கள்.