இறங்கும் இருபது நிமிடத்தில் காது வலிக்காமல் இருக்க

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். போன வருடம் தூத்துக்குடிக்கு விமானத்தில் போனபோது, இறங்கும் நேரத்தில் வலது காதில் ஊசி குத்தினாற்போல் வலி. இரண்டு நாள் காது அடைத்தே கிடந்தது. அப்போது எனக்குச் சளி இருந்தது. அடுத்த மாதம் தங்கை கல்யாணத்துக்கு 10 மாதக் குழந்தையோடும், மூட்டுவலி உள்ள 68 வயது அத்தையோடும் (மாமியார்) அதே விமானத்தில் போக வேண்டும். பயமாக இருக்கிறது. ரயிலிலேயே போய்விடலாமா?

பதில்: பயம் வேண்டாம், விமானத்திலேயே போகலாம். பதினாறு வருடம் கேபின் குழுவில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், காது வலியால் அழுத பயணிகளில் பலர் அதுவரை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுச்செவிக்கு ஒரு மெல்லிய குழல் போகிறது. விமானம் ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று அதன் வழியாகத் தானே வெளியேறிவிடும், சிரமமில்லை. இறங்கும்போதுதான் சிக்கல். வெளியே அழுத்தம் கூடக்கூட காற்று உள்ளே போக வேண்டும், ஆனால் குழலின் வாய் மூடிக்கொள்ளும். பெரும்பாலும் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் அது திறக்கிறது. தூங்கும்போது நாம் அதிகம் விழுங்குவதில்லை. சளி பிடித்திருந்தால் குழலே வீங்கியிருக்கும். போன வருடம் உங்களுக்கு நடந்தது இதுதான்.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பஸ்ஸில் இறங்கும்போது காது அடைக்கும் அல்லவா? ஊட்டி சுமார் 7,350 அடி உயரம். ஜெட் விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே ஏறக்குறைய ஊட்டியில் இருக்கும் அளவு காற்றழுத்தத்தைத்தான் வைத்திருப்பார்கள். நீங்கள் போகும் ஏடிஆர் (புரொப்பெல்லர் வைத்த சிறிய விமானம்) அதைவிடத் தாழப் பறப்பதால் மாற்றம் பொதுவாகக் கொஞ்சம் குறைவு. ஆனால் பஸ் இரண்டு மணி நேரத்தில் இறங்குவதை விமானம் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இறங்கிவிடும். காதுக்கு அவகாசம் இல்லை.

குறுகிய பயணத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான். ஏறி உட்கார்ந்து, பெல்ட் விளக்கு அணைந்து, கொஞ்சம் கண்ணயர்வதற்குள் இறக்கம் தொடங்கிவிடும். அதனால் டிக்கெட்டில் போட்டிருக்கும் தரையிறங்கும் நேரத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் முன்பு செல்போனில் அலாரம் வையுங்கள், தாமதமாகக் கிளம்பினால் மாற்றிக்கொள்ளுங்கள். இன்ஜின் சத்தம் தணிவதும் ஓர் அறிகுறி. அப்போதிருந்தே மிட்டாய் சப்புங்கள், தண்ணீரை மடக்கு மடக்காக விழுங்குங்கள். சில நிமிடத்துக்கு ஒரு முறை மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மெதுவாகக் காற்றைத் தள்ளுங்கள். "டப்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் போதும். பலமாக ஊதவே கூடாது. இதையெல்லாம் வலி வருவதற்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். அழுத்த வித்தியாசம் அதிகமாகிவிட்டால் குழல் இறுகிப் பூட்டிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு விழுங்கினாலும் திறக்காது.

லேசான சளி இருந்தால், சைலோமெட்டாசோலின் போன்ற மூக்குச் சொட்டு மருந்தை விமானம் ஏறும் சமயத்தில் போடலாம். தூர விமானமென்றால் இறங்குவதற்கு அரை மணி முன்பு போடுவோம். உங்கள் பயணம் சின்னது, மருந்து பல மணி நேரம் நிற்கும், அதனால் ஏறும்போதே போட்டால் சரி. ரத்த அழுத்தமோ இதய நோயோ கண் அழுத்த நோயோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். குழந்தைக்குப் பெரியவர்கள் மருந்தை ஒருபோதும் போடாதீர்கள்.

குழந்தைக்கு இறக்கம் தொடங்கியதும் பால் கொடுங்கள், அதற்காகவே முந்தைய பாலைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். தூங்கினாலும் எழுப்பித்தான் ஆக வேண்டும். கதறி அழுதால் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்களே என்று கூசாதீர்கள். அழும்போது அந்தக் குழல் திறக்கிறது, அழுகையும் குழந்தைக்கு உதவிதான். சமீபத்தில் காதில் சீழ் வந்திருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போங்கள்.

அத்தைக்கு டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள். அதில் மூன்று வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. தூரம் நடக்க முடியாது, படி ஏறுவார் என்றால் டபிள்யூசிஹெச்ஆர். படியும் ஏற முடியாது என்றால் டபிள்யூசிஹெச்எஸ். நடக்கவே முடியாதவருக்கு டபிள்யூசிஹெச்சி. இது முக்கியம். ஏடிஆருக்கு ஏரோபிரிட்ஜ் (முனையத்திலிருந்து நேரே விமானத்துக்குள் நடந்து போகும் பாலம்) கிடையாது, பஸ்ஸில் கொண்டுபோய் விமானத்தருகே இறக்குவார்கள். வெறுமனே "வீல்சேர்" என்று மட்டும் சொன்னால் கடைசியில் படியடியில் நிற்க வேண்டியதாகிவிடும். ஏடிஆரில் பயணிகள் ஏறும் கதவு பின்பக்கம் இருப்பதால் கடைசி வரிசைகளில் சீட் எடுங்கள். உள்ளே நடை குறைவு, இறக்கைக்கருகே சுழலும் புரொப்பெல்லரின் இரைச்சலும் அங்கே குறைவு. இரண்டிரண்டு சீட்தான், நடுச்சீட் தொல்லை இல்லை. அத்தையை நடைவழிப் பக்கம் உட்காரவையுங்கள், காலை நீட்ட வசதி.

கைப்பை ஏழு கிலோ, செக்-இன் பதினைந்து கிலோ என்பதுதான் உள்நாட்டில் வழக்கமான கணக்கு. அத்தையின் மாத்திரைகள், குழந்தையின் துணி, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. கல்யாண வீட்டுக்கென்று கொப்பரைத் தேங்காய் எடுக்காதீர்கள். அதில் எண்ணெய் அதிகம், தீப்பற்றக்கூடிய பொருள் என்று தடுத்துவிடுவார்கள். சென்னையில் உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 இரண்டு முனையங்களிலிருந்தும் கிளம்புகின்றன. உங்களுடையது எது என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். காலை விமானம் கிடைத்தால் அதையே எடுங்கள். ஒரே விமானம் நாள் முழுக்க ஊர் ஊராகப் போய் வருவதால், ஒரு இடத்தில் ஏற்பட்ட தாமதம் சாயங்காலத்துக்குள் சேர்ந்துகொண்டே போகும்.

ரயில் எப்போது என்றால், பயணத்தன்று உங்களுக்குக் காய்ச்சலோடு மூக்கு முழுதும் அடைத்து, தரையிலேயே மூக்கைப் பிடித்து ஊதினால் காது திறக்கவில்லை என்னும்போதுதான். அந்த நிலையில் விமானம் ஏறாதீர்கள், இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பறந்த பிறகு காது மூன்று நாளுக்கு மேல் அடைத்திருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, தலை சுற்றினாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

திரும்பி வரும்போதும் அதே அலாரம், அதே மிட்டாய். தூத்துக்குடி மக்ரூன் வாங்கினால் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், பொடியாகிவிடும். காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.