குண்டுலுப்பேட்டைக்கு ஒரே நாளில் போய் வரலாமா?

வணக்கம். 3, 5 வயதுப் பிள்ளைகளோடு பெங்களூரிலிருந்து ஒரே நாளில் குண்டுலுப்பேட்டை சூரியகாந்தி வயலைப் பார்த்துத் திரும்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. போக மட்டுமே சுமார் 200 கிலோமீட்டர். பெரியவர்களுக்கே இடுப்பு விட்டுப்போகும். முதல் நாள் இரவு மைசூரில் தங்கிவிடுங்கள். அங்கிருந்து 60 கிலோமீட்டர்தான், வெயில் ஏறுவதற்குள் வயலில் இருக்கலாம்.

முழுதாக மலர்ந்த பூ நாள் முழுக்கக் கிழக்கு பார்த்தே நிற்கும். சூரியனோடு திரும்புவதெல்லாம் மொட்டுப் பருவத்தில்தான். அதனால் வயலின் கிழக்குப் பக்கம் நில்லுங்கள், இல்லாவிட்டால் படத்தில் முதுகுதான் விழும். (எங்களுக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது!)

தண்டும் இலையும் சொரசொரவென்று இருக்கும், தேனீயும் உண்டு. முழுக்கால் பேன்ட் போட்டுவிடுங்கள். உள்ளே இறங்குமுன் விவசாயியிடம் கேளுங்கள்; சிலர் சிறு தொகை வாங்குவார்கள், கொடுத்துவிடலாம். சின்னவன் பூவைப் பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது அவர்கள் எண்ணெய்க்குப் போட்ட பயிர். அப்புறம், ஜூலை வாக்கில் போங்கள்.