அம்மா அப்பா காலத்துக்குப் பிறகு, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் உள்ள தம்பியை இல்லத்தில் விடுவதா, வீடு எடுத்துத் தங்க வைக்க முடியுமா?

உங்கள் நிலைமை இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பெற்றோர் போய்விட்டார்கள். உங்கள் வீட்டில் இடம் போதவில்லை, அல்லது வீட்டில் இருப்பவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போகிறார்கள். உங்கள் கேள்விக்கு என் பதில், முடியும். என் அக்கா சேலத்தில் அப்படித்தான் இருக்கிறாள். ஆனால் வீட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால் முடியாது.

அக்காவுக்கு இந்த நோய் வந்தது கல்யாணமான புதிதில். புகுந்த வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் கடைசிவரை பார்த்துக்கொண்டது அம்மாதான். அம்மா இறந்ததும் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு தனியார் இல்லத்தில் சேர்த்தார்கள். நான் அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தேன். போய்ப் பார்த்தபோது அவளுக்கு மொட்டை அடித்திருந்தார்கள். கேட்டால் பேன் தொல்லை என்றார்கள். இடுப்புவரை முடி வைத்திருந்தவள், முந்தானையை இழுத்து இழுத்துத் தலையை மூடிக்கொண்டே என்னிடம் பேசினாள். "வீட்டுக்குப் போலாமா சாமி" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக் கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறது. சங்கிலியால் கட்டுவதற்கும் தடை இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஓர் இல்லத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். அந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். குடும்பம் ஏற்கவில்லை, தங்க இடமில்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது, ஊரோடு சேர்ந்து வாழ்வது அவர் உரிமை என்கிறது அது. என்னிடம் யாராவது "எதுக்குப்பா உனக்கு இந்த வேலை" என்று கேட்டால் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

சென்னையில் தி பேனியன் என்ற அமைப்பு 2015இல் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் குடும்பம் மாதிரி இருப்பார்கள், கூடவே ஓர் உதவியாளர் இருப்பார். அக்கா இருக்கும் வீடும் அந்த மாதிரிதான். நடத்துவது வேறொரு சின்ன அமைப்பு.

வீடு அம்மாபேட்டைப் பக்கம். காலையில் இருந்து தறிச் சத்தம் கேட்கும் தெரு. நான்கு பெண்கள், அவர்களோடு தங்கும் உதவியாளர் ஒருவர். அடுப்பு பற்ற வைக்க என் அக்காவுக்குப் பயம் இருந்தது. அந்த உதவியாளர் அவள் கையைப் பிடித்து லைட்டரை அழுத்த வைத்து, அணைத்து, மறுபடி அழுத்த வைத்துப் பழக்கினார். இன்று எல்லோருக்கும் காலைக் காபி அக்கா கையால்தான். மாத்திரை, காலை இரவு எனக் கட்டம் பிரித்த டப்பாவில் இருக்கிறது. அவளே எடுத்துப் போடுவாள், உதவியாளர் பார்த்து உறுதி செய்துகொள்வார். மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனையில் ஊசி. மத்தியானம் பக்கத்துக் கொலுசுப் பட்டறையில் இருந்து வரும் வளையங்களைக் கோர்த்துக் கொடுக்கிறாள். கூலி குறைவுதான், ஆனால் அவள் பணம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது எதிர்வீட்டு அம்மா "வா கண்ணு" என்று வீட்டுக்கே வந்து கூட்டிப் போனார்.

இதில் எல்லாவற்றையும்விடக் கஷ்டம் வீடு கிடைப்பதுதான். முன்பணம் தயார், அமைப்பு பொறுப்பேற்கிறது, வீட்டுக்காரரும் சரி என்கிறார். யார் குடிவரப் போகிறார்கள் என்று தெரிந்ததும் "சொந்தக்காரங்க வர்றாங்க" என்று கதவைச் சாத்துகிறார்கள்.

"அக்காவைக் கூட வைத்துக்கொள்ளாமல் நீ எங்களுக்கு யோசனை சொல்கிறாயா" என்று இங்கே யாராவது கேட்கக்கூடும். எங்கள் வீட்டில் அவள் ஓர் அறைக்குள் முடங்கிக் கிடந்தாள். அங்கே அவளிடம் வாசல் சாவி இருக்கிறது, இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன், பண்டிகைக்கு அவள் வருகிறாள். இல்லங்களே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. நோய் முற்றிய கட்டத்தில் மருத்துவமனைதான் வேண்டும். நல்ல மனதோடு நடத்துகிறவர்களும் உண்டு. யாரும் பேசாமலே காதில் மறுபடி குரல் கேட்க ஆரம்பித்து அக்காவை வார்டில் சேர்க்க வேண்டியும் வந்தது. அப்போது அவள் படுக்கையையும் துணிகளையும் அந்த வீட்டில் அப்படியே வைத்திருந்தார்கள். வெளியே வந்ததும் நேராக அங்கேதான் போனாள்.

நீங்கள் முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் தம்பியைக் காட்டி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். மனநோயும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அதில் வரும். அவசரத்துக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டுக்காரரிடம் நோயை மறைத்துக் குடி வைக்காதீர்கள். பாதியில் தெரிந்தால் தம்பிதான் தெருவில் நிற்பார். சமைப்பதும் பணத்தைக் கையாள்வதும் அவருக்கு எவ்வளவு வரும், எதற்கு ஆள் துணை வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். எந்த அமைப்பிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். நீங்கள் சேலம் பக்கம் என்றால் கருத்தில் எழுதுங்கள். அக்கா வீட்டை நடத்துகிறவர்கள் ஆண்களுக்கும் ஒரு வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள், பேசிப் பார்க்கிறேன்.