மருத்துவம் படிக்க எப்போது தொடங்குவது? டீச்சரிடம் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 6ஆம் படிவத்துக்கு உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் என்னால் பதில் சொல்ல முடிந்தவை இவை.

படிவம் 5 மாணவி: மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு எப்போது படிக்க ஆரம்பிக்கணும் டீச்சர்?

எந்தத் தேர்வு பாப்பா? நம் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அப்படித் தனித் தேர்வு கிடையாது. எஸ்.டி.பி.எம். (6ஆம் படிவத் தேர்வு) அல்லது மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) புள்ளிகள் 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கை 10 விழுக்காடு, அப்புறம் நேர்முகம். எஸ்.டி.பி.எம். எடுத்தால் 3 தவணையின் புள்ளிகளும் சேரும். முதல் தவணையை விளையாட்டாக விட்டுவிட்டு மூன்றாவதில் அழுத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் உனக்கு இப்போது 5ஆம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.தான் முக்கியம். உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம், இன்னொரு பாடம் என்று ஐந்திலும் குறைந்தது பி வேண்டும். இதைத் தெரியாமல் பௌதிகத்தை ஒதுக்கிவிடாதே.

ஒரு தந்தை: பிரிட்டனில் மருத்துவம் படிக்க யூகேட் (UCAT) நுழைவுத் தேர்வு எழுத ஒரு வருடம் முன்பே வகுப்பில் சேர்க்கலாமா?

வேண்டாம் ஐயா. ஜூலை முதல் செப்டம்பர் வரை நடக்கும் தேர்வு அது. பாட அறிவைக் கேட்பதில்லை, வேகத்தைத்தான் பார்க்கும். 6 முதல் 8 வாரம் தினமும் நேரம் வைத்துப் பயிற்சி செய்தால் போதும். வருடத்துக்கு ஒரு முறைதான் எழுதலாம், அதனால் தேதியைப் பள்ளித் தேர்வோடு மோதாமல் எடுங்கள். 2025 முதல் உருவப் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டுவிட்டது, பழைய புத்தகத்தில் அதற்காக நேரம் செலவழிக்காதீர்கள்.

மாணவர்: நான் இந்தியா போகணும், நீட்.

மே மாதத் தேர்வு தம்பி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணு. 180 கேள்வியில் 90 உயிரியல். சரியான விடைக்கு 4, தவறினால் 1 போய்விடும். கடைசி 8 வாரம் முழுத் தாள் எழுதிப் பார். இந்திய நேரம் 2 மணி என்றால் நமக்கு மாலை 4.30. பள்ளி முடிந்து சோர்ந்து வரும் நேரம் அது, அதே நேரத்தில் உட்கார்ந்து பழகு.

தாத்தா ஒருவர்: விடியற்காலை 4 மணிக்கு எழுந்து படித்தால்தான் மனதில் நிற்கும்.

உடனே ஒரு தாய் மறுத்தார்: என் மகன் இரவு 1 மணி வரை படித்துத்தான் டாக்டரானான். இன்னொருவர் தாத்தா பக்கம் சேர்ந்தார். இப்படியே நெடுநேரம் போனது.

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். 4 மணி நம் தோட்டத்துக்குப் பொருந்திய நேரம். அம்மா பெரட்டுக்கு (தோட்ட வேலைக்குக் காலையில் ஆள் கணக்கெடுப்பது) கிளம்பும்போது அடுப்பும் விளக்கும் எரியும், வீடே எழுந்திருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை 9 மணிக்குப் படுத்ததா என்பதே என் கேள்வி. படித்தது மூளையில் பதிவது தூக்கத்தில்தான். இரவு 1 மணி வரை விழித்து, 5 மணிக்குப் பள்ளிப் பேருந்துக்கு எழுந்த ஒரு மாணவி என் வகுப்பில் ஒரு வருடம் இருந்தாள். கெட்டிக்காரி. கேள்வியை இரண்டு முறை படித்தும் புரியாமல் விழித்தாள். நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள், 7 மணி நேரத் தூக்கத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

மாணவி: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கணும்?

இதோடு ஐந்தாவது முறை. மணியைக் கேட்காதீர்கள். நேற்றுப் படித்ததைப் புத்தகத்தை மூடி இன்று எழுதிப் பார், விட்டதைத் திரும்பப் படி.

இன்னொருவர்: டியூஷன் இல்லாமல் முடியுமா?

முடியும். பழைய தாள்களைப் பள்ளி நூலகத்தில் கேளுங்கள்.

ஒரு தாய்: உபகாரச் சம்பளம் பற்றிச் சொல்லுங்கள்.

அது என் துறை இல்லை அம்மா, பள்ளி ஆலோசகரைப் பாருங்கள்.

படிவம் 6 மாணவர்: டீச்சர், ராத்திரி ஒரு மணி வரை...

தூங்கு தம்பி.