'ஹார்ட்லி' என்றால் 'கடினமாக' என்று பொருளா?

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் என் மகன் 'ஐ ஒர்க் ஹார்ட்லி' என்று எழுதியதைத் தவறு என்கிறார் அவனுடைய ஆசிரியர். 'ஸ்லோ' என்பது 'ஸ்லோலி' ஆவதைப் போல இதுவும் ஆகாதா? – வாசகி, பாம்பன்.

பதில்: ஆசிரியர் சொல்வதே சரி. 'ஹார்ட்' என்ற சொல் 'லி' சேராமலே வினையடையாகவும் வரும் என்பதால், 'கடினமாக உழைக்கிறேன்' என்பதற்கு 'ஐ ஒர்க் ஹார்ட்' என்று எழுதினாலே போதும். 'ஹார்ட்லி' என்பதற்கு இன்றைய வழக்கில் 'அநேகமாக இல்லை' என்று பொருள். ஆகவே 'ஐ ஹார்ட்லி ஒர்க்' என்றால் நான் வேலையே செய்வதில்லை என்பதுபோல் ஆகிவிடும். முற்காலத்தில் இச்சொல்லுக்கும் 'வலிந்து', 'சிரமப்பட்டு' என்ற பொருள்கள் இருந்தன. நம் 'அரிது' கடினத்தையும் குறைவையும் ஒருங்கே குறிப்பதை எண்ணிப் பார்த்தால், இந்த மாற்றம் வியப்பளிக்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, நாட்டுப்படகுகள் கொண்டுவரும் சொற்ப மீன் மட்டுமே உங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும்போது, 'தேர் இஸ் ஹார்ட்லி எனி ஃபிஷ்' என்பது மிகப் பொருத்தமான வாக்கியம். எதிர்மறை அச்சொல்லிலேயே அடங்கியிருப்பதால், அதனுடன் 'நாட்' சேர்க்கக் கூடாது.